ஹெல்மெட் வந்த பிறகு

ஐஸ் ஹொக்கியில் ஹெல்மெட் போடுவதால் ஆபத்துக் குறைகிறதா, இல்லை ஆட்டம்தான் முரடாகிறதா என்று யாராவது வாதம் தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்த வாதம் மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும். மொன்றியலில் பனிக்காலம் முழுக்க வேறு கதை கிடையாது. இரண்டு கட்சிக்கும் கொடுக்க என்னிடம் சாட்சி உண்டு. அந்தச் சாட்சி ஒரே ஆள், என் அத்தான்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர் அவர்தான். நகரின் வடக்கே மொன்றியல்-நோர் பகுதியில் ஒரே கட்டடத்தில் அவர்கள் இரண்டாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. அவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றும் பெரிய ட்ரக் ஓட்டினார். 'ஓட்டினார்' என்று எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. அக்கா அடுத்த தெருவில் உள்ள கார்டெரியில் வேலை செய்கிறாள். தாய்தகப்பன் வேலைக்குப் போகும்போது விட்டுச் செல்லும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.

ஹொக்கி ஆடலாம் என்ற எண்ணம் அத்தானுக்குத்தான் முதலில் வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. "பதினைஞ்சு வருசமா இந்தக் குளிரைத் திட்டியாச்சு. இனி அதுக்குள்ளை இறங்கி விளையாடிப் பாப்பம்" என்றார். தெரு முடிவில் உள்ள பூங்காவில் மார்கழி வந்ததும் நகரசபை ஆட்கள் தண்ணீர் பாய்ச்சி உறையவிடுவார்கள். சுற்றிவரப் பலகை அடைப்பு. ஸ்கேட்ஸ் மாற்றுவதற்கு ஒரு மரக் கொட்டில், அதற்குள் ஒரு ஹீற்றர். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, இந்த ஊர்ப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால், நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே நிற்போம். எல்லாரும் நாற்பது தாண்டியவர்கள். பழைய ஸ்கேட்ஸ் வாங்கி, பிளாஸ்டிக் கதிரைகளைத் தள்ளிக்கொண்டே நடை பழகினோம். முதல் மாதம் விழுந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அந்த முதல் இரண்டு குளிர்காலமும் ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை, கம்பளித் தொப்பிதான். பக் என்கிற அந்த ரப்பர் வில்லையை ஐஸை விட்டு மேலே கிளப்பக் கூடாது, ஆளில் ஆள் முட்டக் கூடாது. இதை யாரும் சட்டமாகச் சொல்லவில்லை, பயம்தான் சட்டம் போட்டது. பலகை ஓரத்தில் பக் கிடந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் போய்விட்டால் இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். "எடுங்கோ அண்ணை." "இல்லையில்லை, நீங்கள் எடுங்கோ." கலியாண வீட்டுப் பந்தியில்கூட நாங்கள் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை. ஒருநாள் நாயோடு நடந்து வந்த கிழவர் ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, இது உங்கள் சமயச் சடங்கா என்று பிரெஞ்சில் கேட்டார். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தார்.

மூன்றாம் குளிர்காலத் தொடக்கத்தில் யாருடைய ஸ்டிக்கோ தவறுதலாக மேலே போய், எங்களோடு ஆடும் மன்னார்க்காரர் ஒருவரின் புருவம் பிளந்துவிட்டது. மூன்று தையல். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இரத்தம் ஐஸில் சிந்திக் கிடந்த படத்தை ஒரு மடையன் வாட்ஸ்அப்பில் போட்டான். அக்கா பார்த்துவிட்டாள்.

"தலைக்கு ஒண்டும் போடாமல் இனி ஒருத்தரும் உதுக்குள்ளை இறங்கக் கூடாது" என்றாள். சொன்னதோடு விடவில்லை. மற்றவர்களின் மனைவிமார் எல்லாருக்கும் போன் எடுத்தாள். தானே கடைக்குப் போய், விற்பவரைத் துளைத்தெடுத்து, முகத்துக்கு முன்னால் கம்பி வலை உள்ள கறுப்பு ஹெல்மெட் ஒன்றை அத்தானுக்கு வாங்கி வந்தாள். எனக்கும் அதே மாதிரி ஒன்று. இரண்டு கிழமைக்குள் எல்லார் தலையிலும் ஏறிவிட்டது.

அதை மாட்டி நாடிக்குக் கீழே வாரைக் கட்டியதும் எனக்கு வந்த உணர்வு நன்றாக நினைவிருக்கிறது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் முதன்முறையாக வேகமாக ஓடினேன். விழுந்தேன், தலை ஐஸில் அடித்தது, ஒன்றும் ஆகவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தேன். மற்றவர்களுக்கும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குள் பக் முழங்காலுக்கு மேலே பறந்தது. முட்டினால் "சொறி" என்றோம், கொஞ்ச நாளில் அதையும் விட்டோம். கம்பியில் கம்பி அடிபடும் சத்தம் எங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது.

இன்னொன்றும் நடந்தது. அதை அப்போது கவனித்தவர் அந்த மன்னார்க்காரர் மட்டும்தான். ஒரு ஞாயிறு கொட்டிலுக்குள் இருந்து ஸ்கேட்ஸ் கழற்றும்போது சொன்னார். "முந்தி உங்கடை கண்ணைப் பாத்து விளையாடினன். இப்ப கம்பியைப் பாத்து விளையாடுறன். ஆர் எவர் எண்டே தெரியேல்லை."

அத்தான் விடவில்லை. "மண்டை பிளந்து கிடக்கேக்கை கண்ணைப் பாத்து என்ன செய்யிறது?"

"மண்டை பிளக்கிற மாதிரி முந்தி ஆர் விளையாடினது?"

"உங்கடை புருவத்தைக் கேளுங்கோ."

எல்லாரும் சிரித்தோம். நான் அத்தான் பக்கம். தையல் போட்ட ஆளே ஹெல்மெட்டுக்கு எதிராகக் கதைப்பது எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது, அதை அவருக்குச் சொல்லவும் செய்தேன். அவர் தேநீர்ப் போத்தலை மூடினார்.

அதற்கடுத்த குளிர்காலம், தை மாதம். கடும் குளிர், வெயில் கண்ணைக் கூசவைத்த காலை. அத்தான் எதிரணி. என் ஸ்டிக்கிலிருந்து இரண்டு தரம் பக்கைத் தட்டிக்கொண்டு போனார். இரண்டாம் தரம் திரும்பிப் பார்த்து, "தம்பி இன்னும் நித்திரையாலை எழும்பேல்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேறு நாளென்றால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குச் சுர்ரென்று ஏறியது. காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. நான் கோபக்காரன், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் பலகை ஓரத்தில் முதுகைக் காட்டிக் குனிந்து, மூலையில் சிக்கிய பக்கைக் கிளறிக்கொண்டு நின்றார். நான் ஏழெட்டு மீற்றர் தள்ளி வேகமாக வந்துகொண்டிருந்தேன். நிறுத்த இடம் இருந்தது, நிறுத்தவும் எனக்குத் தெரியும். 'ஹெல்மெட் போட்டிருக்கிறார்தானே' என்று நினைத்தேன். அந்த நினைப்பு அந்த நேரத்தில் என் தலைக்குள் சொற்களாகவே வந்தது. அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை. தோளைக் கொடுத்து இடித்தேன்.

அவர் தலை நேரே பலகையில் போய் அடித்தது. விழுந்தார். கம்பிக்குள்ளே கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவை எதையும் பார்க்கவில்லை. மன்னார்க்காரர்தான் முதலில் வந்து முழங்காலில் இருந்து "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டார். மற்றவர்கள் அந்தப் பக்கக் கோல் கம்பத்தடியில் இருந்து வர நேரம் எடுத்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆற அமர நூறு எண்ணியிருக்கலாம். பிறகு எழுந்து இருந்து "ஆர் வெண்டது?" என்று கேட்டார். சொன்னோம். திரும்பவும் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பயம் தெளிந்த சிரிப்பு. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு வெடிப்புக்கூட இல்லை.

நான்தான் வைத்தியசாலைக்குக் காரில் கொண்டுபோனேன். அக்கா கோயிலில் நின்றாள். போனில் சொன்னதும் நேரே அங்கே வருவதாகச் சொன்னாள். அத்தானின் பிரெஞ்சு துறைமுக வாசலில் கடதாசி காட்டிக் கதைக்கப் போதும், வைத்தியரோடு கதைக்கப் போதாது. அதுவும் அன்றைக்கு அவருக்குத் தமிழே தட்டுத்தடுமாறி வந்தது. அதனால் மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் ஆட்களுக்கு இது வழமை. வயது போனவர்களை வைத்தியரிடம் காட்டும்போது மகனோ மருமகளோ நின்று இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுப்பார்கள். வைத்தியரும் வேறு வழியில்லாமல் அதை நம்பித்தான் எழுதிக்கொள்வார்.

திரைச்சீலை இழுத்துவிட்ட சின்ன இடம். இளம் வைத்தியர். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அத்தான் என்னைக் காட்டி, குற்றமாக இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். "இவன் பின்னாலை வந்து இடிச்சவன்."

நான் வைத்தியர் பக்கம் திரும்பி, "சறுக்கி விழுந்துவிட்டார்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"யாரும் மோதவில்லையா?"

"இல்லை."

"நினைவு தப்பியதா? கொஞ்ச நேரமாவது?"

இதை நான் அத்தானிடம் கேட்கவே இல்லை. "இல்லை, உடனே எழும்பிவிட்டார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்னையே! அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம்தான் பெரிது. நினைவு தப்பியது என்று ஒப்புக்கொண்டால் நான் செய்தது பெரிதாகிவிடும். இல்லை என்றால் அது சின்னதாகவே இருந்துவிடும் என்று அந்த நேரம் உண்மையாகவே நம்பினேன். அத்தான் கட்டிலில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

வைத்தியர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். ஹெல்மெட் இல்லாவிட்டால் இன்றைக்குக் கதையே வேறு, மண்டை ஓடு போயிருக்கும் என்றார். சில நாள் ஓய்வு, வெளிச்சமும் சத்தமும் குறைவாக இருக்கட்டும், இன்னின்னது நடந்தால் உடனே திரும்பி வாருங்கள் என்று ஒரு தாள் தந்தார். நாங்கள் வெளியே வரும்போது அக்கா வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை, அத்தானின் ஜக்கெற்றை மட்டும் பூட்டிவிட்டாள்.

வீட்டில் ஓய்வும் இல்லை, அமைதியும் இல்லை. எங்கள் ஊரவர்களுக்கு, சுகமில்லாத ஆளைப் பார்க்கப் போகாமல் இருப்பது குற்றம், வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். திங்கள் தொடக்கம் ஆட்கள் வந்தார்கள். ஹோர்லிக்ஸ், திராட்சை, தோடம்பழம். கதிரை போதாமல் நான் மேல்மாடியில் இருந்து எங்கள் வீட்டுக் கதிரைகளை இறக்கிக் கொடுத்தேன். ரிவி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் அத்தானின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஒரு கீறல்கூடக் காணேல்லை!"

"ஹெல்மெட் எல்லே காப்பாத்தினது."

ஒரு விரலகலத்துக்கு ஒரு கட்டுப் போட்டிருந்தால் அவர்கள் மெதுவாகக் கதைத்திருப்பார்கள், பத்து நிமிடத்தில் எழும்பிப் போயிருப்பார்கள். காயமே இல்லாத ஆளிடம் யார் மெதுவாகக் கதைப்பது? அத்தான் உள்ளங்கையால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பலகை ஓரத்தில் சறுக்கினார், விழுந்தார், எழும்பினார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்கக் கேட்க அத்தானுக்கும் அதுவே நடந்ததாகிவிட்டது. இரண்டாம் நாள் அவரே அப்படிச் சொல்லத் தொடங்கினார். மன்னார்க்காரர் ஒரு பின்னேரம் வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அக்கா கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் பூங்காப் பக்கம் வரவில்லை.

ஒரு கிழமை முடிவதற்குள் அத்தான் வேலைக்குப் போனார். சும்மா வீட்டில் இருக்க அவருக்கு வெட்கம். அன்றைக்குப் பத்து மணிபோல எனக்குப் போன் வந்தது. கடைசியாக அவர் ட்ரக் ஓட்டிய நாள் அது. போய்ப் பார்த்தேன். ஏற்றிய கொள்கலனோடு ட்ரக் தெருவோரத்தில் நின்றது, ஆபத்து விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. அவர் ஸ்டியறிங்குக்கு முன்னால் ஜக்கெற்றை எடுத்துத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு இருந்தார். நான் கதவைத் திறந்ததும், "றோட்டுக் கோடு எல்லாம் ரண்டு ரண்டாத் தெரியுதடா" என்றார். பிறகு, "எந்தப் பக்கத்தாலை வீட்டை போறது எண்டு எனக்கு மறந்து போச்சு" என்றார். என் கையைப் பிடித்திருந்தார். அந்தத் தெருவால் அவர் பன்னிரண்டு வருடம் போய் வந்தவர்.

அதற்குப் பிறகு பெரிய வைத்தியர்கள், ஸ்கான், மாதக்கணக்கில் காத்திருப்பு. ஒரு வைத்தியர் முதல்நாள் அறிக்கையைப் பார்த்து, நினைவு தப்பவில்லை என்றுதானே எழுதியிருக்கிறது, சரிதானா என்று கேட்டார். அன்றைக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு. "சரி" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் முதல்நாளே வேறு மாதிரிப் பார்த்திருப்பார்களா, அப்படிப் பார்த்திருந்தால் அத்தான் சுகப்பட்டிருப்பாரா? எனக்குத் தெரியாது. எவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று சில நாள் நினைப்பேன். சில நாள், அது நான் தப்புவதற்குக் கண்டுபிடித்த ஓட்டை என்று தோன்றும்.

ட்ரக் ஓட்டும் அனுமதி போய்விட்டது. மூன்று குளிர்காலமாக அத்தான் திரை மூடிய அறைக்குள் இருக்கிறார். சில நாள் நல்லாக இருப்பார், பூங்கா வரைக்கும் நடப்பார். மறுநாள் கரண்டி பாத்திரத்தில் பட்ட சத்தத்துக்கு அக்காவில் எரிந்து விழுவார், அரைமணித்தியாலம் கழித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழுவார். இல்-பிசார் பக்கம் வீடெடுத்தால் அமைதியாக இருக்கும் என்று ஒருவர் புத்தி சொன்னார். பஸ் அரிதாக ஓடும் அந்தத் தீவில், கார்கூட ஓட்டமுடியாத மனிதரோடு அக்கா என்ன செய்வாள் என்று அவர் யோசிக்கவில்லை.

அதனால்தான் அந்த வாதத்தில் எனக்குப் பங்கில்லை. ஹெல்மெட் இல்லாவிட்டால் அத்தான் செத்திருப்பார் என்று வைத்தியர் சொன்னது சரி. ஹெல்மெட் இல்லாவிட்டால் நான் இடித்திருக்க மாட்டேன் என்பதும் சரி. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடைக்கு வர முடிந்தவர்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் இருந்து கதைக்கட்டும். பழியை ஹெல்மெட்டில் போட எனக்கும் ஆசைதான். தோள் என்னுடையதாக இருக்கிறதே.

போன மாசி மாதம் ஒரு சனி மத்தியானம் கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் உள்ள அறையில், அக்கா தனியாக நின்றாள். காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தானின் சேட்டுகள். கொலரை இழுத்து நேராக்கி மடித்தாள், எங்கேயும் போகாத மனிதரின் சேட்டுக்கு அவ்வளவு கவனம். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அக்கா, அத்தான் சறுக்கி விழேல்லை. நான்தான் இடிச்சனான். வேணுமெண்டுதான் இடிச்சனான். டொக்டரிட்டையும் பொய் சொன்னனான்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"அத்தான் சொன்னவரோ?"

"அவருக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. நான் வந்து திரைச்சீலைக்கு வெளியிலை நிண்டனான். அவர் தமிழிலை சொன்னதும் கேட்டது, நீ பிரெஞ்சிலை சொன்னதும் கேட்டது. நாள் முழுக்க அந்தப் பிள்ளையளோடை பிரெஞ்சுதானே கதைக்கிறனான்."

அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். "அப்ப ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?"

"ஆள் நடந்து வாறார், சிரிக்கிறார், ஒரு காயமும் இல்லை. ஒண்டுமில்லாததுக்கு என்ரை தம்பியை ஏன் காட்டிக் குடுப்பான் எண்டு நினைச்சன்." அடுத்த சேட்டை எடுத்தாள். "பேந்து சொல்லலாம் எண்டு இருந்தன். பேந்து பாத்தால், சொல்லக்கூடிய காலம் போட்டுது. அண்டைக்கு ஏன் வாயைத் திறக்கேல்லை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுவன்?"

நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. மடித்ததை எல்லாம் கூடைக்குள் அடுக்கினாள்.

"நீ வந்து எனக்குச் சொல்லிப்போட்டாய். நான் ஆரிட்டைச் சொல்லுறது?" என்றாள்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனாள்.